வானூர்திச் சோதனையும் நம் கைக்கருவிகளும்

2010-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஜாக்சன் நகர விமான நிலையத்தில், அந்நாட்டிற்கு அப்போது இந்தியத் தூதராயிருந்த மீரா சங்கர் அம்மையார் பிரயாணிகளின் வரிசையினின்றும் தனியே அழைக்கப்பட்டுக் கையால் தடவிச் சோதிக்கப்பட்டார். தாம் தூதர் என்பதற்குரிய சான்றுகளைக் காட்டியும் பயனில்லை. அவர் புடைவை உடுத்தியிருந்தமையே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. நம் வெளியுறவு அமைச்சராயிருந்த எஸ். எம். கிருஷ்ணா இஃது ஏற்கத்தக்கதன்று என்றார். அமெரிக்க அதிகாரிகளோ எல்லாம் விதிப்படியே நடந்தது என்றனர்.

ஆரணியில் பிறந்து, குழித்தறியின் ஓசையைக் கேட்டே உறங்கியும் விழித்தும் வளர்ந்த என்னைப் போன்றார்க்கு இச்செய்தி வேறொரு வகையில் உறைக்கின்றது. எங்கள் ஊரார் நெய்து அனுப்பும் ஆறு கஜமோ ஒன்பது கஜமோ ஆகிய ஆடை, உலகின் மறுகோடியில் ஓர் அதிகாரியின் கண்ணுக்கு ஐயத்திற்குரிய பொருளாய்த் தோன்றிற்று. தளர்ந்த ஆடையுள் ஏதேனும் மறைத்திருத்தல் கூடும் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கையில் அறிவில்லை என்று நான் சொல்லேன். ஆனால் எது தளர்ந்த ஆடை என்று வகுத்தவர் சட்டையும் காற்சட்டையும் அணிந்து பழகியவர் என்பதை மட்டும் நண்பர்கள் உளங்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

புடைவையில் இன்னுமொரு செய்தியுண்டு. நல்ல பட்டுப் புடைவையின் சரிகை என்பது பட்டிழையின்மீது மெல்லிய வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதாகும். விமான நிலையத்து வாயிற்சட்டமோ உலோகத்தைக் காட்டுங் கருவி. மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. சட்டத்திலுள்ள கம்பிச் சுருள் காந்தப் புலத்தை எழுப்ப, அதனூடே செல்லும் உலோகத்தில் சிறு மின்னோட்டம் பிறக்க, அதனை மற்றொரு சுருள் உணர்ந்து ஓசையிடுகின்றது. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டுக் கிடந்தபோது, தொலைபேசியால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைச் செய்து, உடலுள் தங்கிய குண்டைத் தேடினார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். அன்று முதல் இன்றுவரை இக்கருவியின் இயல்பு ஒன்றே. உலோகம் உண்டா என்று மட்டும் அது சொல்லும்; அவ்வுலோகம் கொலைஞன் குண்டா, கட்டிலின் சுருளா, மணமகளின் முந்தானையா என்று சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டியவன் பக்கத்தில் நிற்கும் மனிதன். ஆகவே என் பேச்செல்லாம் கருவியைப் பற்றியதினும் அம்மனிதனைப் பற்றியதே ஆகும்.

சோதனையே வேண்டா என்பார் நம்மிடையே இருப்பின், அவர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவாராக. 1984 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, நம் மீனம்பாக்கத்து நிலையத்திலேயே பயணப் பெட்டியில் வைத்த குண்டு வெடித்து முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் இலங்கையர். மறு ஆண்டு, 1985 ஜூன் 23-இல், கனடாவினின்றும் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலின்மேல் வெடித்துச் சிதறி 329 உயிர் போயிற்று. குண்டிருந்த பெட்டியை ஒப்படைத்தவன் விமானம் ஏறவே இல்லை. பெட்டி மட்டும் ஏறிற்று. அதே நாளில் ஜப்பானின் நரிதா நிலையத்தில் மற்றொரு குண்டு வெடித்துச் சுமை தூக்குவோர் இருவர் இறந்தனர். அக்குண்டு சான்யோ என்னும் கம்பெனியார் செய்த வானொலிக் கருவியொன்றில் மறைக்கப்பட்டிருந்ததென விசாரணையிற் புலனாயிற்று. 1988 டிசம்பர் 21-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்னும் சிற்றூரின்மேல் வெடித்த பான் ஆம் விமானத்திலும் குண்டு தங்கியிருந்தது ஒரு ரேடியோ காசெட் பெட்டியினுள்ளேயாம். அங்கு மாண்டோர் 270 பேர். அவருள் 11 பேர் தரையில் தம் வீடுகளில் இருந்தவர்.

வானொலிப் பெட்டி! அக்காலத்தில் வெளிநாடு சென்று திரும்பும் ஒவ்வொரு தமிழனும் தன் இல்லத்தார்க்கு ஆவலோடு கொணர்ந்த பொருளன்றோ அது? சிங்கப்பூரினின்றும் வளைகுடா நாடுகளினின்றும் வந்த அப்பெட்டிகள் இன்றும் எங்கள் தெருவில் சில வீடுகளில் துணி போர்த்தி வைக்கப்பட்டுள்ளன. வீட்டுப் பொருள் ஒன்று, எவரும் எடுத்துச் செல்லும் எளிய பொருள் ஒன்று, கொலைக் கருவியின் உறையாயிற்று என்பதே அவ்வாண்டுகளின் கொடுமை. அன்றிலிருந்து நம் கைக்கருவி ஒவ்வொன்றும் தன்னைக் குற்றமற்றதென மெய்ப்பிக்கும் கடன் ஏற்றது. 1999 டிசம்பர் 24-இல் காத்மாண்டுவினின்றும் தில்லிக்குப் புறப்பட்ட விமானம் கடத்தப்பட்டுக் கந்தகார் கொண்டுசெல்லப்பட்டதன் பின்னர், 2000-ஆம் ஆண்டுமுதல் நம் நாட்டு விமான நிலையங்களின் காவல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையாரிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. அவர்தம் உழைப்பை நான் எளிதாக எண்ணுபவனல்லன். மகளிரைத் திரையிட்ட தனியிடத்தில் மகளிரே சோதிக்கும் நம் நாட்டு முறை, ஜாக்சன் நகரில் நம் தூதருக்கு நேர்ந்ததினும் எவ்வளவோ கண்ணியமானது.

இனி, பகைவன் எவனும் இன்றியே தீமை விளைக்கும் பொருளொன்று நம் பைகளில் வந்து புகுந்துள்ளது. அதுவே லித்தியம் மின்கலம். 1991-இல் சோனி கம்பெனியார் அதனைக் கடைக்குக் கொணர்ந்தனர். அதனை ஆக்கிய அறிஞர் மூவர்க்கு 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. செல்போன், மடிக்கணினி, காதில் செருகும் கருவி, பவர் பேங்க் என எல்லாவற்றினுள்ளும் அஃது இருக்கின்றது. உள்ளே இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய திரை கிழிந்தால் வெப்பம் மேலும் வெப்பத்தைப் பிறப்பித்து, அணைத்தற்கரிய தீயாகும். 2016-இல் சாம்சங் கம்பெனியாரின் நோட் 7 என்னும் செல்போன் ஆங்காங்கே தீப்பற்றவே, நம் நாட்டு விமானத் துறையாரும் அதனை விமானத்தில் பயன்படுத்தலாகாதென விலக்கினர். 2025 ஜனவரி 28-இல் தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் புறப்படும் தறுவாயில் நின்ற விமானமொன்று தீக்கிரையாயிற்று. அதிலிருந்த 176 பேரும் உயிர் தப்பினர். தலைக்கு மேலிருந்த பெட்டிமாடத்தில் கிடந்த பவர் பேங்க்கினின்றும் தீ எழுந்திருக்கலாம் என்பது விசாரித்தோர் முடிவு. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியினின்றும் திமாப்பூருக்குப் புறப்படவிருந்த விமானத்திலும் பவர் பேங்க் ஒன்று தீப்பற்றிற்று. அங்கும் எவர்க்கும் ஊறில்லை.

ஆகவே, பவர் பேங்க்கைக் கீழே சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தலாகாது, கையிலுள்ள பையிலேயே வைத்தல் வேண்டும் என்பது விதி. கையிலிருந்தால் புகை கண்டவுடன் எவரேனும் ஓடிவந்து அணைப்பர்; சரக்கறையில் காண்பார் யாருமிலர். எத்துணை எளிய காரணம்! இதனை ஒருமுறை கேட்ட எவரும் மறவார். ஆயின் எவர் கேட்டனர்? விதியின் மறுபாதி 100 வாட்-மணி என்னும் அளவு. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் விற்கும் பவர் பேங்க்கின் முகத்தில் எழுதியிருப்பதோ 20,000 என்னும் வேறோர் எண். இரண்டிற்கும் தொடர்பு என்ன? மேலே எழுதிய மில்லி ஆம்பியர்-மணியை 3.7 என்னும் வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தல் வேண்டும். 20,000 உடையது 74 வாட்-மணி, தடையில்லை. 30,000 உடையது 111 வாட்-மணி. விமானக் கம்பெனியின் இசைவின்றி ஏற்றலாகாது. ஆறாம் வகுப்புக் கணக்கு இது. இதனைப் பெட்டியின் மேலேயே விளங்க அச்சிட்டால் விற்பவர்க்கு என்ன குறைந்துவிடும்? வாங்கும்போது சொல்லாத ஒன்றை, விமானம் புறப்பட ஒரு மணி நேரமே இருக்கையில், வரிசையில் பின்னிற்பார் முணுமுணுக்கச் சொல்லுதல் முறையாகுமா?

விதிகள் தம்முள்ளேயே மாறுபடுவதும் உண்டு. 2017 மார்ச்சில் அமெரிக்க அரசு, துபாய், அபுதாபி முதலிய பத்து நிலையங்களினின்றும் தன் நாட்டிற்கு நேரே வருவோர் மடிக்கணினி போன்ற பெரிய கருவிகளைக் கையில் கொண்டுவரலாகாது, சரக்கறையிலேயே இடல் வேண்டும் என்றது. குண்டுக்கு அஞ்சிய விதி அது. மின்கலம் சரக்கறைக்குப் போதலாகாது என்பதோ தீக்கு அஞ்சிய அறிவுரை. ஒரே மடிக்கணினியைக் கண்டு ஓர் அச்சம் கீழே போ என்றது, மற்றோர் அச்சம் மேலே வா என்றது. துபாய் வழியே அமெரிக்கா செல்லும் நம்மவர் பலர் அவ்விரண்டிற்கும் நடுவே சில திங்கள் திகைத்து நின்றனர். ஜூலையில் அத்தடை நீங்கிற்று.

இங்கு எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறல் பொருந்தும். நான் அத்தை என்று அழைக்கும் ஓர் அம்மையார், முப்பதாண்டு பாவு ஓட்டியும் நூல் சுற்றியும் மக்களைப் படிக்க வைத்தவர். மகன் சிங்கப்பூரில் வேலை ஏற்றபின், பேரப் பிள்ளையைக் காணும்பொருட்டு முதன்முதலாக விமானம் ஏறப் போனார். போன இடத்தை நான் பெயர் சொல்லேன். பெட்டி பளுவாகிவிடும் என்று அஞ்சிப் புட்டியிலிட்ட நெய்யையும் மாங்காய்த் தொக்கையும் கைப்பையில் வைத்துக்கொண்டார். அயல்நாட்டு விமானத்தில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட நீர்மப் பொருள் கையில் ஆகாது என்பது உலகறிந்த விதி. 2006 ஆகஸ்டில் இலண்டனில், பானப் புட்டிகளில் வெடிமருந்தை நிரப்பி விமானங்களைத் தகர்க்கச் சிலர் சூழ்ந்தது வெளிப்பட்டபின் பிறந்த விதி அது. உலகறிந்ததுதான், அத்தை அறிந்ததில்லை. அவரைத் தடுத்த காவலர் தமிழறியார். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறிக் குப்பைத் தொட்டியைச் சுட்டினார். "தம்பி, இது நெய்தாம்பா, வீட்ல காய்ச்சினது" என்று அத்தையும் திரும்பத் திரும்பக் கூறினார். முடிவில் புட்டிகள் தொட்டிக்குப் போயின. நெய்யும் தொக்கும் போனது பெரிதன்று என்று அவரே பிறகு எங்களிடம் சொன்னார். தாம் ஏதோ களவு செய்தவர்போல அத்தனை பேர் முன்னிலையில் நின்றதும், எதற்காக நின்றோம் என்பது மகன் வீடு போய்ச் சேரும்வரை விளங்காமற் போனதுமே அவர்க்கு ஆறவில்லை.

காவலர் பிழை செய்தாரா? இல்லை. விதியில் தவறுண்டா? பெரிதாய் இல்லை. ஆயினும் அங்கே ஒரு மனிதப் பிறவி சிறுமையுற்றது. இரண்டு தமிழ்த் தொடர்கள் அதனைத் தடுத்திருக்கும். அத்தொடர்களைச் சொல்லுதற்கு ஆளில்லை.

மொழியைப் பற்றிய இக்குறை எளியார்க்கு மட்டும் உரியதன்று. 2020 ஆகஸ்டு 9-இல் சென்னை விமான நிலையத்தில், தமக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுக என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அவர்களை, நீங்கள் இந்தியர்தாமா என்று காவற்படையைச் சேர்ந்த ஒருவர் வினவியதாக அவரே வெளியிட்டார். படையார் விசாரணைக்கு ஆணையிட்டனர். நாடாளுமன்ற உறுப்பினர் கேட்டால் விசாரணை நடக்கும். நூல் சுற்றும் அத்தை கேட்டால்? சென்னையில் பணிபுரிவோர் அனைவரும் தொல்காப்பியம் கற்றிருத்தல் வேண்டும் என்று தமிழ் மாணவனாகிய நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு சோதனை வரிசையிலும் தமிழறிந்தார் ஒருவர், எந்நேரமும் இருத்தல் வேண்டும் என்பதே என் விண்ணப்பம். சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் அறிவிப்புப் பலகைகளில் தமிழெழுத்தைக் கண்டு அத்தை அகமகிழ்ந்தார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றேன்.

நாம் அயல்நாட்டில் படும்பாடு இவ்வாறாக, அயல்நாட்டார் நம்மிடம் படும்பாட்டையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். ஐரோப்பியர் ஒருவர் ஆரணிப் பட்டின் பெயர் கேட்டு, அது நெய்யும் முறையைக் காண வருகின்றார் என்று கொள்வோம். மலையேறும் பழக்கமுடைய அவர், கைபேசி அலை எட்டாத இடங்களில் உதவி வேண்டிச் செய்தி அனுப்பும் சிறு செயற்கைக்கோள் கருவியொன்றைப் பையில் வைத்திருக்கின்றார். அவர் நாட்டில் அது மிதிவண்டிக் கடையிலும் கிடைக்கும். நம் நாட்டிலோ, தொலைத்தொடர்புத் துறையின் முன் இசைவின்றி அதனை வைத்திருத்தல் குற்றம். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இதற்கென எடுத்துக் காட்டப்பட்டு வந்தன. 2024 டிசம்பரில் கோவாவில் ஐரோப்பியர் ஒருவரும் கனடா நாட்டவர் ஒருவரும் இத்தகைய கார்மின் கருவிகளை வைத்திருந்தமையால் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டு வழக்கிற்காளாயினர். அவர்கள் அவற்றை ஒளித்து வைக்கவில்லை; சோதனைத் தட்டில் தாமே எடுத்து வைத்ததாகவும் ஒருவர் எழுதினார்.

இத்தடைக்கும் காரணமுண்டு. 2008 நவம்பரில் பம்பாய் நகரைத் தாக்கியவர் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டு கடலின் வழியே வந்தனர். அக்காயம் நம்மவர்க்கு இன்னும் ஆறவில்லை. ஆயினும் வந்த விருந்தினன் வழிநடைக் கருவிக்காக நீதிமன்றத் திண்ணையில் உட்காருதல் நமக்குப் பெருமையாமோ? 2025 ஜனவரியில் விமானத் துறை இயக்குநரகத்தார், இத்தடையைப் பிரயாணிகட்கு முன்னரே அறிவிக்குமாறு விமானக் கம்பெனிகளைப் பணித்தனர். நன்று. விசா வேண்டி விண்ணப்பிக்கும் தாளிலேயே ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நன்று. சட்டம் 1885-இலும் 1933-இலும் பிறந்தது. விளம்பரம் 2025-இல் பிறந்தது!

அவர் எப்படியோ நிலையத்தினின்றும் வெளிப்பட்டு ஆரணிக்கு வந்து சேர்கின்றார். எங்கள் நகரினுள்ளே புகைவண்டி இல்லை. ஆரணி ரோடு என்னும் நிலையம் களம்பூரில் இருக்கின்றது. அதனைப் பேர்கொண்டு நம்பி இறங்கினார் திகைத்தல் வழக்கம். கடையில் புடைவையைத் தேர்ந்தெடுத்தபின் பணம் கொடுக்கப் பார்க்கின்றார். கல்லாவின்மேல் கட்டம் கட்டமாகக் கறுப்பும் வெள்ளையுமாய் ஓர் அட்டை. 2016-இல் தொடங்கிய யூபிஐ முறை இன்று இளநீர்க் கடைவரை பரவியுள்ளது. அதற்கு வேண்டுவதோ இந்திய வங்கிக் கணக்கும் இந்தியக் கைபேசி எண்ணும். அயல்நாட்டார்க்கென முன்பணம் இட்டு வைக்கும் தனிமுறையொன்று 2023-இல் ஏற்பட்டும், அதனை எங்கள் ஊர்க் கடைக்காரர் எவரும் அறிந்ததாகத் தெரியவில்லை. ஒருமுறைச் சொல் என்று வரும் ஆறிலக்க ஓ.டி.பி. அவருடைய எண்ணுக்கு வாராது. கையில் நல்ல பணம் இருந்தும் வாங்கத் தெரியாதவராய் நிற்கின்றார். சோதனை வாயிலில் நின்ற அத்தையையும் கல்லாவின் முன் நின்ற இவரையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். இருவரும் அறிவிலார் அல்லர். கருவியைச் செய்தவன் மனத்தில் இவர்களைப் போன்றார் வரவில்லை, அவ்வளவே.

விதி எல்லார்க்கும் ஒன்றாயிருப்பின் அதன் கடுமையைப் பொறுக்கலாம். நம் நிலையங்களில் சோதனையினின்றும் விலக்குப் பெற்றோர் என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. அப்பட்டியலில் முன்னாள் குடியரசுத் தலைவரும் அடங்குவர். 2009 ஏப்ரலில் தில்லியில், அமெரிக்க விமானக் கம்பெனியொன்றின் ஊழியர் டாக்டர் அப்துல் கலாமை அவ்விலக்கையும் பாராது சோதித்தனர். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகனாகிய அப்பெரியார் வாய் திறவாது உடன்பட்டார். திங்கள் மூன்று சென்றபின் செய்தி வெளிவந்து நாடாளுமன்றம் கொதித்தது. கம்பெனியார் மன்னிப்பு வேண்டினர். 2011-இல் நியூயார்க்கிலும் அவர்தம் மேற்சட்டையும் காலணியும் சோதனைக்கெனக் கழற்றி வாங்கப்பட்டன. நாடு கொதித்தது சரியா என்பதில் எனக்கு மாறுபாடுண்டு. கலாம் அவர்கள் கொதிக்கவில்லை என்பதையே நான் பெரிதாக எண்ணுகின்றேன். விலக்குப் பெற்றோர் பட்டியலைக் கிழித்தெறிந்து, அமைச்சரும் அவர் மனைவியும் மக்களும் அதே வரிசையில் நின்று காலணி கழற்றினால், ஓராண்டிற்குள் அவ்வரிசையில் நாற்காலி போடப்படும், தமிழறிந்தவர் வைக்கப்படுவர், அறிவிப்பு எழுத்தும் பெரிதாகும். நகையாட்டாக இதனைச் சொல்லவில்லை.

தேங்காயின் கதை இதற்குச் சான்று. உலர்ந்த கொப்பரை எண்ணெய் மிகுந்தது, தானே வெம்மையுற்றுத் தீப்பற்றக் கூடியது என்பதனால் உலகெங்கும் விமானங்களில் விலக்கப்பட்ட பொருள்களில் ஒன்று. அவ்வழியே முழுத்தேங்காயும் கைப்பையில் தடுக்கப்பட்டு வந்தது. சபரிமலை செல்லும் அன்பர் இருமுடியில் நெய் நிறைத்த தேங்காயை எங்ஙனம் பிரிவர்? பல்லோர் முறையிட்டனர். 2024 அக்டோபரில் பாதுகாப்புப் பணியகத்தார், சோதனைக்குட்பட்டு அதனைக் கையிற் கொண்டுசெல்லலாம் என அவ்வாண்டு யாத்திரைக் காலம் முடியும்வரை, அதாவது 2025 ஜனவரி 20 வரை இசைந்தனர். விமானம் எதுவும் அதனால் வீழவில்லை. நான் வேறு சமயத்தைச் சார்ந்தவனாயினும் அச்செய்தி கேட்டு மகிழ்ந்தேன். விதி கல்லன்று, கேட்பார் பலராயின் செவி சாய்க்கும். பேரனைக் காணப் போகும் பாட்டியர் சங்கம் கூட்டுவதில்லை என்பதே குறை.

புதிதாய் வந்துள்ள முகங்காட்டும் முறையைப் பற்றியும் சிறிது சொல்லுதல் வேண்டும். டிஜி யாத்ரா என்னும் பெயரால் 2022 டிசம்பர் 1-இல் தில்லி, பெங்களூர், காசி ஆகிய மூன்று நிலையங்களில் அது தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. முகத்தைக் கண்டு கதவு திறக்கும். தாளும் சீட்டும் வேண்டா. விரும்புவார்க்கு மட்டும் என்பது விதி. ஆயின் விரும்பாதார் நிற்கும் வரிசை நீண்டுகொண்டே போனால் விருப்பம் என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன? நம் ரேஷன் கடைகளில் கைரேகை வைக்கும் கருவி வந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதை நினைவுகூர்க. வாழ்நாளெல்லாம் உழைத்தவர் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். மூதாட்டியர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் கருவி அவரை அறியவில்லை. பிறகே கருவிழி பார்க்கும் கருவியும் வந்தது. பட்டிழையையும் சரிகையையும் நாள் முழுதும் இழுத்த விரல் தன் உரிமையாளரை மெய்ப்பிக்கத் தவறிற்று என்றால், அக்கருவியை என்னென்பது!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் தறிகளின்மேல் ஏற்றியுள்ள ஜக்கார்டு பெட்டி, பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-இல் அமைத்தது. அட்டையில் துளையிருந்தால் ஊசி நுழையும், இழை மேலெழும், துளையில்லையேல் எழாது. அவ்வட்டையைக் கண்டே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணிக்கும் பொறிக்குத் துளையட்டையைக் கருதினார். இன்றைய கணினிக்கு அதுவே பாட்டன். ஆக, விமான நிலையத்தில் முகத்தை நோக்கி ஆம் இல்லை என்னும் கருவியின் குலமுதல் எங்கள் நெசவாளர் வீட்டு உத்தரத்தில் தொங்குகின்றது. வேற்றுமை யாதெனில், எங்கள் பெட்டி பிழையாக இழையைத் தூக்கினால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி, குனிந்து பார்த்து, அவிழ்த்து மீண்டும் நெய்வார். பிழை பெட்டியினுடையது என்பதில் அவர்க்கு ஐயமே எழாது. புடைவையைக் குற்றம் சொன்ன நெசவாளரை நான் கண்டதில்லை.

விதிகளைத் தெளிவாய்ச் சொன்னால் தீயோர்க்கும் அவை தெரிந்துவிடுமே என்று நண்பர் ஒருவர் தடை நிகழ்த்தினார். தீயோர் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்தே வருவர். கனிஷ்காவில் பெட்டியை ஏற்றியவன் விதியின் ஓட்டையை நன்கறிந்தவன். அறியாதார் எல்லாம் அத்தையைப் போன்றவரே. கருவி எதனைத் தேடுகின்றது, எவ்வாறு தேடுகின்றது என்னும் மறைபொருளை எவரும் கேட்கவில்லை. எதனைக் கொண்டுவரலாகாது என்பதைப் புரியும் மொழியில், புறப்படுமுன், காரணத்தோடு சொல்லுக என்பதே கேள்வி. விதிகளும் காலத்தோடு மாறுகின்றன. பிரிட்டனில் எடின்பரோ போன்ற சில நிலையங்களில் பெட்டியினுள்ளே எப்புறமும் நோக்கும் புதிய கருவி வந்தபின், 2025-இல் 100 மில்லி லிட்டர் என்பது இரண்டு லிட்டர் ஆயிற்று. ஓரிடத்தில் ஆகும், மற்றோரிடத்தில் ஆகாது என்னும் காலத்தில் சொல்லுவாரின் கடமை முன்னினும் பெருகுகின்றது.

அரசினர் செய்யும்வரை காத்திராமல் நம் கல்லூரித் தமிழ் மாணவர் செய்யத்தக்க சிறு பணியொன்று உண்டென்று துணிந்து, ஒற்றைத் தாளில் அடங்கும் அறிக்கையொன்றை நானும் வகுப்புத் தோழர் மூவரும் எழுதத் தொடங்கியுள்ளோம். ஆரணியில் விமானச் சீட்டுப் பதிவு செய்யும் கடைகளிலும் செல்போன் கடைகளிலும் ஒட்டுதற்கு உரியது அது. எதைக் கையில், எதைப் பெட்டியில், எதை வீட்டிலேயே என்று மூன்று பத்தி. நெய், ஊறுகாய், கொப்பரை, கத்தரிக்கோல், பவர் பேங்க், மருந்துப் புட்டி என நம் மக்கள் மெய்யாகவே கொண்டுசெல்லும் பொருள்களே அதில் உள்ளன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் ஒரு வரி. எழுதுகையில் ஒரு பூசல் விளைந்தது. பவர் பேங்க் என்பதனை மின்சேமகம் என்று எழுதுவதே தூய தமிழுக்கு அழகு என்றார் தோழர் ஒருவர். எழுதிய தாளைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கடைக்காரர் இருமுறை படித்துவிட்டு, இப்பொருள் தம்மிடம் இல்லை, வேலூரில் கேட்டுப் பாருங்கள் என்றார். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் பன்னிரண்டு பவர் பேங்க்குகள் தொங்கிக்கொண்டிருந்தன.